சொல்லத் தெரிந்தவருக்கு ஒரு சங்கம்!

ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தால் கோப்பை கிடைக்கும். கபடியில் ஜெயித்தால் மாலை போட்டு ஊர்வலம் விடுவார்கள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினால் பத்திரிகையில் படம் வரும்.

ஆனால், ஒரு கடினமான விஷயத்தை நாலு பேருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் பிள்ளைக்கு என்ன பரிசு?

"வாயாடி" என்ற பட்டம்தான் பரிசு! வீட்டில் பாட்டி அந்தப் பட்டத்தைக் கொடுப்பாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கொடுப்பார்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட மாணவர்களுக்கென்றே ஒரு கௌரவச் சங்கம் இருக்கிறது. பணக்காரக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு அல்ல. பகலில் கடையில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்களே, அப்படிப்பட்டவர்கள் படிக்கும் சின்னக் கல்லூரிகளுக்கு ஏற்பட்ட சங்கம் அது. அதன் பெயர் "சிக்மா கை ஈட்டா".

பெயரைக் கேட்டால் மந்திரம் மாதிரி இருக்கிறது. மந்திரம் ஒன்றும் இல்லை. மூன்று கிரேக்க எழுத்துகளின் பெயர்கள்தான் அவை.

கடல் கடந்த அந்தச் சங்கத்துக்கும், தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் பொட்டிப்புரத்துக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. முதலில் சங்கத்தின் கதையைப் பார்ப்போம்.

இரண்டு வருஷக் கல்லூரி

அமெரிக்காவில் பட்டப் படிப்புக்கு 4 வருஷம் ஆகும். செலவும் அதிகம். எல்லாக் குடும்பங்களாலும் அது முடியாது. அதனால் அங்கே "கம்யூனிட்டி காலேஜ்" என்று ஒரு வகைக் கல்லூரி ஏற்பட்டது. தமிழில் சமுதாயக் கல்லூரி என்கிறோம்.

இதில் படிப்பு 2 வருஷம். கட்டணம் குறைவு. வீட்டிலிருந்தே போய்ப் படிக்கலாம். படித்து முடித்ததும் வேலைக்குப் போகலாம். மேலே படிக்க விரும்பினால், பெரிய கல்லூரியில் 3-வது வருஷத்தில் சேரலாம்.

இவ்வகைப் பொதுக் கல்லூரிகளில் மூத்தது இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901-ல் தொடங்கியது. அப்போது அதில் படித்தவர்கள் வெறும் 6 பேர்! இன்று அந்த நாட்டில் இத்தகைய கல்லூரிகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

வயது வரம்பு கிடையாது. பள்ளிப் படிப்பை முடித்த 18 வயசுப் பெண் ஒரு பெஞ்சியில் இருப்பாள். பட்டாளத்திலிருந்து திரும்பிய ஆள் அவளுக்குப் பக்கத்தில் இருப்பார். பின் பெஞ்சியில், பிள்ளையைத் தாயாரிடம் விட்டுவிட்டு வந்த ஒரு தாய் உட்கார்ந்திருப்பாள். அவர்களில் பலருடைய வீட்டில் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டார்கள்.

பேச்சும் ஒரு பாடமா?

பேசுவதைப் பாடமாகப் படிக்க வேண்டுமா என்று கேட்கலாம். பிறந்த குழந்தை ஒரு வருஷத்தில் பேசத் தொடங்கிவிடுகிறதே!

இதே கேள்வி அமெரிக்காவிலும் எழுந்தது. அங்கே மேடைப் பேச்சு சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள், ஆங்கில ஆசிரியர் சங்கத்தில் ஒரு மூலையில் இருந்தார்கள். இலக்கியத்துக்குத்தான் மதிப்பு. பேச்சுக்கு மதிப்பு இல்லை.

பொறுத்துப் பார்த்தார்கள். முடியவில்லை. 1914-ம் ஆண்டு நவம்பர் மாதம் சிக்காகோ நகரில் 17 ஆசிரியர்கள் பிரிந்து வந்து தனிச் சங்கம் கண்டார்கள். அந்தச் சங்கம்தான் வளர்ந்து, பெயர் மாறி, இன்று அமெரிக்கத் தேசியத் தொடர்பியல் சங்கமாக இருக்கிறது.

தொடர்பியல் என்றால் என்ன? ஒருவர் மனத்தில் இருப்பதை இன்னொருவர் மனத்துக்குக் கொண்டு போய்ச் சேர்க்கும் கலை. மேடையில் பேசுவது அதில் ஒரு பங்குதான். எதிரில் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது இன்னொரு பங்கு. சண்டையைப் பேசித் தீர்ப்பது, வானொலியில் செய்தி சொல்வது, ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மருந்து சாப்பிடும் முறையைப் புரிய வைப்பது, எல்லாமே அந்தப் பாடத்தில் அடங்கும்.

1776-ல் தொடங்கிய வழக்கம்

நன்றாகப் படிக்கும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்துத் தனிச் சங்கத்தில் சேர்த்து மரியாதை செய்யும் வழக்கம் அமெரிக்காவில் பழையது.

1776-ம் ஆண்டு ஜூலையில் அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்தது. அதே ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி, வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம்-மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி "பை பீட்டா கப்பா" என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். கூடிப் பேசுவதும், ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வாதாடுவதும்தான் அவர்களுடைய வேலை.

ஆரம்பத்தில் அது ரகசியச் சங்கம். அங்கத்தினர் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளத் தனியாகக் கைகுலுக்கும் முறைகூட இருந்தது! பிற்காலத்தில் ரகசியம் போயிற்று. கௌரவம் நின்றது. சின்னத் தங்கச் சாவி அதன் சின்னம்.

100 வருஷம் அது ஆண்களின் சங்கமாகவே இருந்தது. 1875-ல்தான் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகப் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள்.

இரண்டு வருஷக் கல்லூரி மாணவர்களுக்கு இதில் எல்லாம் இடம் இல்லை. ஆகவே, அவர்களுக்கென்று 1918-ல் மிசௌரி மாநிலத்தில் "பை தீட்டா கப்பா" என்ற சங்கம் பிறந்தது. எந்தப் பாடம் படித்தாலும், நன்றாகப் படித்தால் அதில் சேரலாம்.

மூன்று எழுத்தின் பொருள்

தொடர்பியல் மாணவர்களுக்குத் தனிச் சங்கம் 1985-ல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் தோன்றியது. அதன் பெயர் "லாம்ப்டா பை ஈட்டா". நாலு வருஷக் கல்லூரிகளுக்கு உரியது அது.

அந்த மூன்று எழுத்துக்கும் பொருள் உண்டு. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், கேட்பவர் மனத்தை மாற்ற ஒரு பேச்சில் மூன்று அம்சங்கள் வேண்டும் என்று வகுத்தார். ஒன்று, பேச்சில் நியாயம் இருக்க வேண்டும். இரண்டு, கேட்பவர் உள்ளத்தைத் தொட வேண்டும். மூன்று, பேசுகிற ஆள் யோக்கியன் என்று கேட்பவர்கள் நம்ப வேண்டும். கிரேக்க மொழியில் அவற்றுக்கு லோகோஸ், பேத்தோஸ், ஈத்தோஸ் என்று பெயர். அவற்றின் முதல் எழுத்துகளே சங்கத்தின் பெயர் ஆயின.

இந்தச் சங்கம் 1988-ல் தேசியச் சங்கத்தின் அரவணைப்பில் வந்தது. பிறகு 2000-ம் ஆண்டில், "இரண்டு வருஷக் கல்லூரிப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?" என்ற கேள்விக்குப் பதிலாக, "சிக்மா கை ஈட்டா" ஏற்பட்டது.

யார் சேரலாம்?

பணம் இருந்தால் போதும் என்று யாரும் சேர்ந்துவிட முடியாது. மார்க்கு வேண்டும்.

மூத்த சங்கமான லாம்ப்டா பை ஈட்டாவின் கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். அமெரிக்கக் கல்லூரிகளில் மார்க்கை 4-க்கு இவ்வளவு என்று போடுவார்கள். எல்லாப் பாடங்களிலும் சேர்த்துச் சராசரி 3 இருக்க வேண்டும். தொடர்பியல் பாடங்களில் மட்டும் சராசரி 3.25 இருக்க வேண்டும். வகுப்பில் முதல் 35 சதவீதத்துக்குள் வர வேண்டும். மொத்தப் படிப்பில் பாதியாவது முடித்திருக்க வேண்டும்.

இரண்டு வருஷக் கல்லூரிச் சங்கத்திலும் இதே தோரணைதான். பொதுப் படிப்பும் பார்க்கப்படும். தொடர்பியல் படிப்பும் பார்க்கப்படும்.

தகுதி உள்ளவர்களுக்குக் கல்லூரியிலிருந்து அழைப்புக் கடிதம் போகும். அந்தக் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பை, பணக்கார வீட்டுப் பிள்ளையைவிடக் கூலி வேலை செய்து படிக்கும் பிள்ளைதான் அதிகம் அறியும். "நீ தேறுவாயா?" என்று கேட்டவர்கள் மத்தியில், "நீ தேர்ந்தவன்" என்று எழுத்தில் ஒருவர் சொல்லும்போது, அந்தப் பிள்ளை நிமிர்ந்து நடக்கிறது.

சங்கம் நடப்பது எப்படி?

ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு கிளை. ஒவ்வொரு கிளைக்கும் ஓர் ஆசிரியர் ஆலோசகர். மாணவர்களே தலைவர், உதவித் தலைவர், காரியதரிசி, பொருளாளர் ஆகியோரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை புது அங்கத்தினரைச் சேர்க்கும் விழா நடக்கும். தாய் தகப்பனார் வருவார்கள். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். அங்கத்தினர் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து உறுதிமொழி சொல்லிப் பத்திரம் வாங்குவார்கள். பட்டமளிப்பு நாளில், கௌரவச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் அங்கிக்கு மேல் நிறக்கயிறு அணிந்து வருவதும் உண்டு. கூட்டத்தில் யார் கழுத்தில் கயிறு இருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள்.

விழாவோடு முடிந்தால் அது சங்கம் அல்ல, வெறும் திருவிழா. நன்றாக நடக்கும் கிளைகள் வருஷம் முழுவதும் வேலை வைத்துக்கொள்கின்றன. மேடையில் ஏறப் பயப்படும் புது மாணவர்களுக்குப் பழையவர்கள் பழக்கம் கொடுப்பார்கள். பட்டிமன்றம் நடத்துவார்கள். வேலைக்குப் பேட்டி கொடுப்பது எப்படி என்று ஒத்திகை பார்ப்பார்கள். ஊருக்குப் பயன்படும் தொண்டு ஏதாவது செய்வார்கள்.

இரண்டு வருஷம் என்ற இடைஞ்சல்

இப்படிப்பட்ட சங்கத்தை இரண்டு வருஷக் கல்லூரியில் நடத்துவது லேசான காரியம் அல்ல.

முதல் வருஷத்தில் மாணவர் பாடம் படித்து மார்க்கு வாங்க வேண்டும். அதன் பிறகுதான் சங்கத்தில் சேர முடியும். சேர்ந்து, வேலை பழகி, தலைவர் ஆனதும் கல்லூரிப் படிப்பு முடிந்துவிடும்! அடுத்த தலைவர் ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொரு தொல்லை, நேரம். பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் வருகிற நேரத்தில் மற்றவர் வர முடியாது. கூட்டத்துக்கு நாள் குறிப்பதே பெரும்பாடு.

ஆகவே, இத்தகைய சங்கத்தின் உயிர் மூன்று இடத்தில் இருக்கிறது. முதலாவது, மாறாமல் நிற்கும் ஆசிரியர் ஆலோசகர். இரண்டாவது, குறிப்புப் புத்தகம். எந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது, எவ்வளவு செலவு, யாருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று அதில் எழுதி வைத்தால், புதிதாக வருகிறவர் தடுமாற மாட்டார். மூன்றாவது, போகிறவர் வருகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கிளை வாடிப்போகும்.

பணம் பறிக்கும் போலிகள்

பாலில் தண்ணீர் கலப்பவர்கள் இருக்கும் உலகத்தில், கௌரவத்திலும் தண்ணீர் கலப்பவர்கள் இருக்கிறார்கள்.

"நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள். உடனே பணம் அனுப்புங்கள்" என்று மாணவர்களுக்குக் கடிதம் போடும் போலிச் சங்கங்கள் உண்டு. பணம் போனால் ஒரு காகிதம் வரும். அத்துடன் சரி.

இதற்கு ஒரு வேலி போடுவதற்காக 1925-லேயே அமெரிக்கக் கல்லூரிக் கௌரவச் சங்கங்கள் கூடித் தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தி, தரம் வகுத்தன.

நல்ல சங்கமா, போலியா என்று எப்படி அறிவது? சில கேள்விகள் போதும். கல்லூரியில் அதற்குக் கிளை உண்டா? பெயர் சொல்லிக் காட்டக்கூடிய ஆலோசகர் உண்டா? எவ்வளவு மார்க்கு வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்களா? வாங்கும் பணத்துக்குக் கணக்குக் காட்டுகிறார்களா? பதில் வராவிட்டால் பணத்தைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்வது நல்லது. இந்த எச்சரிக்கை அமெரிக்காவுக்கு மட்டும் உரியது அல்ல. "டாக்டர் பட்டம் தருகிறோம்" என்று நம் ஊரிலும் சொல்கிறவர்கள் இருக்கிறார்களே!

மதுரை காட்டிய வழி

படித்தவரைப் பரிசோதித்து மரியாதை செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. புலவர்களை எதிரில் வைத்து நூலை அரங்கேற்றிய நாடு இது.

ஜோலியட்டில் 6 பேரோடு கல்லூரி தொடங்கிய அதே 1901-ம் ஆண்டில், மதுரையில் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் கண்டார். நான்காம் தமிழ்ச் சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அந்தச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று பரீட்சைகளை நடத்தியது. பணக்காரப் படிப்பு இல்லாதவர்களும் தமிழை முறையாகக் கற்று, எழுதித் தேறி, பெயருக்கு முன்னால் பெருமையோடு போட்டுக்கொள்ள அது வழி செய்தது. தேறியவர்கள் பலர் தமிழாசிரியர் ஆனார்கள்.

சமுதாயக் கல்லூரியும் இங்கே உண்டு. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னையில் ஒன்று வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும், 12-வது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், சமுதாயக் கல்லூரித் திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. கைத்தொழிலும் படிப்பும் கலந்த கல்வி இது. பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கும் இத்தகைய கல்லூரிகள் கதவு திறந்தன.

கல்லூரி வந்தது, தொழில் வந்தது. எடுத்துச் சொல்லும் கலைக்கு மட்டும் இன்னும் உரிய மரியாதை வரவில்லை. அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதைப் பொட்டிப்புரம் காட்டுகிறது.

மலையடிவாரத்துக் கேள்வி

தேனி மாவட்டம் உத்தமபாளையம் தாலுகாவில், போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பொட்டிப்புரம். உழவும் ஆடு மாடுமாக இருந்த ஊர். திடீரென்று அதன் பெயர் உலகம் முழுவதும் பரவியது. காரணம், நியூட்ரினோ.

நியூட்ரினோ என்பது அணுவைவிட மிக மிகச் சிறிய துகள். அதற்கு மின்சாரச் சுமை இல்லை. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டும் நம் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் நொடிக்குச் சுமார் 6,000 கோடி பாய்ந்து போகின்றன. நமக்குத் தெரிவதே இல்லை! மற்றக் கதிர்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ அதையும் ஊடுருவி வரும். ஆகவே, அதை ஆராய மலைக்குள்தான் போக வேண்டும். 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தில் இந்திய விஞ்ஞானிகள் பங்கு பெற்ற குழு, காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவைக் கண்டு உலகப் புகழ் பெற்றது.

அது போன்ற ஆய்வுக் கூடம் ஒன்றை முதலில் நீலகிரியில் சிங்காராவில் கட்ட நினைத்தார்கள். முதுமலைக் காட்டுக்குப் பக்கம் என்று 2009-ல் அது நின்றது. பிறகு பொட்டிப்புரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. மலைக்குள் சுமார் 2 கிலோ மீட்டர் நீளத்துக்குச் சுரங்கப் பாதை. உள்ளே 50,000 டன் எடையுள்ள இரும்புக் காந்தக் கருவி. சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் 2015 ஜனவரியில் சம்மதம் கொடுத்தது.

அதற்குப் பிறகுதான் வழக்கும் வாதமும் வலுத்தன. 2015 மார்ச்சில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று மதுரை ஐகோர்ட்டு கிளை உத்தரவிட்டது. 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-ல் மத்திய சர்க்கார் மீண்டும் அனுமதி கொடுத்தது. வனவிலங்கு வாரியத்தின் அனுமதியும் தேவை என்று தீர்ப்பாயம் அதே ஆண்டு சொன்னது. 2022 பிப்ரவரியில், மேற்குத் தொடர்ச்சி மலையில் புலிகள் நடமாடும் பாதையைச் சுட்டிக்காட்டி, திட்டம் வேண்டாம் என்று தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது.

நடுவில் நிற்க ஆள் இல்லை

திட்டம் சரியா, தப்பா என்பது வேறு கேள்வி. இந்தக் கதையில் இன்னொரு விஷயம் இருக்கிறது.

"நியூட்ரினோவால் ஆபத்து இல்லை; கதிரியக்கம் கிடையாது" என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். "பாறைக்கு வெடி வைத்தால் வீடு என்ன ஆகும்? அணை என்ன ஆகும்? ஊற்று வற்றிப் போகாதா? ஆடு மேய்க்கும் இடத்துக்கு இனி விடுவார்களா?" என்று ஊரில் கேட்டார்கள். ஒரு பக்கம் துகளைப் பற்றிப் பேசிற்று. மறுபக்கம் தண்ணீரைப் பற்றிப் பேசிற்று. இரண்டும் வேறு வேறு பேச்சு!

விஞ்ஞானிகள் ஊர் ஊராக வந்து விளக்கினார்கள். எதிர்ப்பாளர்களும் ஊர் ஊராக வந்து பேசினார்கள். யாரை நம்புவது?

அரிஸ்டாட்டில் சொன்ன மூன்றாவது அம்சத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். சொல்கிறவன் நம்மவன், யோக்கியன் என்ற நம்பிக்கை இருந்தால்தான் சொல் காதில் ஏறும். வெளியூரிலிருந்து காரில் வந்து மாலையில் திரும்பிப் போகிறவருக்கு அந்த நம்பிக்கை ஒரு நாளில் கிடைக்காது. உள்ளூரில் பிறந்து, விஞ்ஞானியிடம் போய், "இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்லுங்கள்" என்று கேட்டு, வந்து ஊர்ச் சாவடியில் அதே பதிலைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லத் தெரிந்தவர்கள் வேண்டும். ஊரார் மனக்குறையை அதே போல் மேலே கொண்டு போகவும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட பழக்கம் பெற்ற பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் இருந்திருந்தால், முடிவு எதுவாக இருந்தாலும், அது விவரம் தெரிந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

சொல்லுக்குப் பஞ்சம் இல்லாத பூமி

கம்பம் பள்ளத்தாக்கும் தேனிச் சீமையும் பேச்சுக்கும் பாட்டுக்கும் வறண்ட பூமி அல்ல. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இதே உத்தமபாளையம் தாலுகாதான். அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன், கட்சிக் கூட்டங்களில் ஊர் ஊராகப் பாடி, அரசியலைப் பாமர ஜனங்களுக்குப் பாட்டாகவே புரிய வைத்தவர். டைரக்டர் பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர். கவிஞர் வைரமுத்து வளர்ந்தது வடுகபட்டியில். உத்தமபாளையத்தில் 1956-லேயே ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி வந்துவிட்டது.

எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயங்களுக்கும் பஞ்சம் இல்லை. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்தி! ஆனால், புவிசார் குறியீடு என்றால் என்ன? அந்தப் பகுதியில் விளைந்த திராட்சையை மட்டுமே அந்தப் பெயர் சொல்லி விற்கலாம் என்ற சட்டப் பாதுகாப்பு அது. கொடிக்கு மருந்தடிக்கிற ஆளுக்கும், கூடை சுமக்கிற அம்மாளுக்கும் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னவர்கள் எத்தனை பேர்? பயிர் இன்ஷூரன்ஸ், பாங்குக் கடன், பத்திரம், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று, புரியாமல் கையெழுத்துப் போட்டு நஷ்டப்படுகிற குடும்பங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

இங்கே ஒரு சங்கம் வந்தால்?

அமெரிக்கச் சங்கத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வர வேண்டியதில்லை. கிரேக்க எழுத்தும் வேண்டாம். கழுத்துக் கயிறும் வேண்டாம். அதன் சாரத்தை எடுத்துக்கொண்டால் போதும்.

பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கலாம். கல்லூரிக்கு ஓர் ஆசிரியர் ஆலோசகராக இருக்கலாம். ஒரு கணக்குப் புத்தகம், ஒரு குறிப்புப் புத்தகம் வாங்க அதிகச் செலவு ஆகாது.

சேருவதற்குத் தகுதி? மார்க்கு பாதி இருக்கட்டும். மீதிப் பாதிக்கு வேறு பரீட்சை வைக்கலாம். மாணவர் ஓர் ஊருக்குப் போக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் ஒருவரிடம் ஒரு சர்க்கார் உத்தரவை விளக்க வேண்டும். பிறகு அந்தப் பெரியவரே அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சரியாகச் சொன்னால் மாணவர் பாஸ்! அவர் கேட்கும் கேள்விகளையும் மாணவர் எழுதிக்கொண்டு வந்து, உரிய அதிகாரியிடம் பதில் வாங்கிக் கொடுக்க வேண்டும். வாய்க்கு ஒரு மார்க்கு என்றால் காதுக்கும் ஒரு மார்க்கு.

வேலைக்கும் வழி உண்டு. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் சமுதாய வானொலி தொடங்கியது. அதன் பிறகு பல இடங்களில் இத்தகைய வானொலிகள் வந்திருக்கின்றன. அங்கே உள்ளூர்ப் பேச்சில் தெளிவாகச் செய்தி சொல்லத் தெரிந்தவர்கள் தேவை. ஆஸ்பத்திரி, பாங்கு, கூட்டுறவுச் சங்கம், பஞ்சாயத்து ஆபீஸ் எங்கும் தேவை.

"வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும்" என்பது பழமொழி. அந்தப் பிள்ளை பிழைப்பதோடு, அதன் வாயால் ஓர் ஊரே விவரம் தெரிந்துகொள்ளும் என்றால் அது இன்னும் பெரிய காரியம். அப்படிப்பட்ட பிள்ளையை மேடையில் ஏற்றி, தாய் தகப்பன் பார்க்க, ஒரு பத்திரம் கொடுத்துக் கை தட்டுவதற்குக் கோடி ரூபாய் வேண்டியதில்லை. ஓர் ஆசிரியரும் பத்து மாணவர்களும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால், வருகிற ஜூன் மாதமே தொடங்கிவிடலாம்.